மணல் சலிக்கும் உளுவையை வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்நீர்த் தொட்டி வைத்த சில மாதங்களில் அடிமணல் பழுப்பேறத் தொடங்கும்போது, கடைக்காரர் பெரும்பாலும் பரிந்துரைப்பது ‘டயமண்ட் கோபி’ என்ற பெயரில் விற்கப்படும் உளுவை மீனைத்தான். நல்ல மீன், அழகான மீன், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வாங்கிய சில மாதங்களுக்குள் பட்டினியால் இறந்துபோகும் கடல் மீன்களின் வரிசையிலும் இதற்கு முன்னிடம் உண்டு. அதனால் கீழே வரும் பதில்களில் பெரும்பகுதி உணவையும் மணலையும் பற்றியதாகவே இருக்கும். கணக்குகள் எல்லாம் 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரமுள்ள தொட்டியை மனதில் வைத்துச் சொல்லப்படுகின்றன.

இது எந்த மீன்? எப்படி அடையாளம் காண்பது?

இதன் அறிவியல் பெயர் வாலென்சியென்னியா புயெல்லாரிஸ். வெண்மையான நீண்ட உடல், பக்கவாட்டில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளும் கோடுகளும், கன்னத்தில் வெளிர்நீலப் பொட்டுகள், தலைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய வாய் ஆகியவை அடையாளங்கள். தொட்டியில் 15 செ.மீ. வரை வளரும் என்று எதிர்பார்க்கலாம். செங்கடலிலிருந்து இந்தியப் பெருங்கடல் வழியாகப் பசிபிக்கின் சமோவா வரை, பவளத்திட்டுகளை ஒட்டிய மணற்பரப்பில், கல்லுக்கு அடியில் வளை தோண்டி வாழ்கிறது.

இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு மீன்கள் கடைகளுக்கு வருகின்றன. தலை மஞ்சளாகவும் கண்ணுக்குக் கீழே நீலக்கோடு ஓடுவதாகவும் இருந்தால் அது ஸ்ட்ரிகாட்டா. கன்னத்தில் நீலப் பொட்டுகளும் முதல் முதுகுத் துடுப்பின் நுனியில் கறுப்பும் இருந்தால் அது செக்ஸ்குட்டாட்டா. பராமரிப்பு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

சில கடைகளில் இதை ‘வாட்ச்மேன் கோபி’ என்றும் எழுதி வைப்பார்கள். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, பிஸ்டல் இறாலோடு ஒரே வளையில் குடியிருக்கும் உளுவை இதுதான் என்று நினைத்து வாங்குவோர் உண்டு. இறாலோடு கூட்டுச் சேர்வது வேறு பேரினங்களின் வழக்கம். இந்த மீன் தன் வளையைத் தானே தோண்டிக்கொள்ளும்.

மணலை ஏன் வாயில் அள்ளுகிறது?

சாப்பிடுவதற்காக. வாய் நிறைய மணலை அள்ளி, அதைத் தொண்டைப் பகுதியில் அரைத்தாற்போல் அசைத்து, செவுள் வளைவுகளில் உள்ள சிறு முட்களால் சலித்து, மணலைச் செவுள் திறப்பு வழியே வெளியே கொட்டுகிறது. மணல் துகள்களுக்கு இடையே வாழும் கோபிபாட், ஆம்பிபாட் போன்ற மிகச் சிறிய ஓட்டுயிரிகளும் நுண்புழுக்களும் உள்ளே தங்கிவிடும். ஒருமுறை அள்ளும் மணலில் கிடைப்பது மிகக் குறைவு என்பதால் பகல் வெளிச்சம் இருக்கும் வரை இந்த வேலை ஓயாது. பகல் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதற்கென்றே அமைந்த உடல் இது. தொட்டியில் வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒன்றிலிருந்து பிறப்பவை.

அப்படியானால் இது தொட்டியைச் சுத்தம் செய்யுமா?

மேல் மணலைப் புரட்டிப்போடுகிறது. அதனால் மணல் வெண்மையாகத் தெரிகிறது. அவ்வளவுதான். மணலின் மேல் படியும் டயாட்டம் என்ற பழுப்பு நுண்பாசியையோ செந்நிறச் சயனோபாக்டீரியாவையோ இது தின்பதில்லை. மீன் கழிவையும் மிஞ்சிய தீவனத்தையும் தின்று தீர்ப்பதும் இல்லை; அவற்றைக் கிளப்பி நீரில் மிதக்க விடுகிறது. அந்த மிதவையை வடிகட்டியும், நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரும் பிடித்தால் நல்லது, பிடிக்காவிட்டால் வேறொரு மூலையில் போய்ப் படியும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இதனால் குறையா. மாறாக, இந்த மீனை உயிரோடு வைத்திருக்கத் தேவையான கூடுதல் தீவனத்தால் இரண்டும் உயரவே செய்யும். துடைப்பம் வாங்கும் நோக்கத்தோடு இந்த மீனை வாங்குவது என் பார்வையில் தவறான தொடக்கம். இதை வளர்க்க விரும்பினால் மட்டுமே வாங்க வேண்டும்.

எவ்வளவு பெரிய தொட்டி தேவை?

லிட்டர் கணக்கைவிட மணற்பரப்பின் கணக்கே முக்கியம். உயரமான, குறுகிய 200 லிட்டர் தொட்டியைவிட நீளமான, தாழ்வான 200 லிட்டர் தொட்டி இந்த மீனுக்கு எவ்வளவோ மேல். 120 செ.மீ. நீளம் நல்ல தொடக்கம், 90 செ.மீ.க்குக் கீழே வேண்டாம். பாறைகளைத் தொட்டி முழுக்க அடுக்கிவிட்டு இடையில் ஒரு கையளவு மணலை மட்டும் விட்டுவைத்தால், தொட்டி எத்தனை பெரியதாக இருந்தும் பயனில்லை.

எந்த மணல்? எவ்வளவு ஆழம்?

சுண்ணாம்புச் சத்துள்ள அரகோனைட் மணலே பொருத்தமானது, துகள் 0.5 முதல் 1.5 மி.மீ. வரை, உருண்டையாக, கூர்முனை இல்லாமல் இருக்க வேண்டும். ‘நொறுக்கிய பவளம்’ என்று விற்கப்படும் பருமணல் இந்த மீனின் வாயையும் செவுளையும் கிழிக்கும். அதை அள்ளவும் முடியாமல் சலிக்கவும் முடியாமல் மீன் திணறும். மாவு போன்ற மிக நுண்ணிய மணல் மீனுக்கு உகந்ததுதான், ஆனால் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் பம்பு ஓடும் தொட்டியில் அது ஓயாமல் கிளம்பிக் கண்ணாடியையும் பவளத்தையும் மூடும்.

ஆழம் 5 முதல் 8 செ.மீ. போதும். மேலே சொன்ன தொட்டியில் 5 செ.மீ. ஆழத்துக்கு 27 லிட்டர் மணல், அதாவது சுமார் 40 கிலோ தேவைப்படும். பல ஆண்டுகளாகத் தொடாத, பத்து செ.மீ.க்கும் மேற்பட்ட ஆழமுள்ள பழைய மணற்படுக்கையில் இந்த மீனை நேரே விடுவது நல்லதல்ல. ஆக்சிஜன் இல்லாத அடியடுக்கில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கலாம்; மீன் தோண்டும்போது அது வெளிவரும். கண்ணாடிக்கு அருகே மணல் கறுத்துத் தெரிந்தால், முதலில் சில வாரங்களில் சிறிது சிறிதாக அந்த மணலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துக் குறைத்துவிட்டு மீனைக் கொண்டுவருவதே சரி.

கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வந்து போடலாமா?

நம் கடற்கரைகளில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. தமிழகக் கடற்கரை மணலின் பெரும்பகுதி படிகக்கல் துகள். அரகோனைட்டைப் போல அது நீரின் காரத்தன்மைக்கு உதவாது. தெற்கே மணவாளக்குறிச்சிப் பக்கம் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்களும் மணலில் கலந்திருக்கின்றன. நகரக் கடற்கரைகளில் சாக்கடைநீரும் எண்ணெயும் சேர்ந்துகொள்கின்றன. எத்தனை முறை கழுவினாலும் தொட்டிக்கு ஏற்றதென்று உறுதியாகச் சொல்ல முடியாது.

மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த பவளத் துண்டு, ‘லைவ் ராக்’ (கடலுயிர்கள் குடியேறிய பாறை) என்று யாராவது மலிவாகக் கொடுக்க முன்வந்தால் ஒதுங்கிவிடுங்கள். கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். செயற்கையாக வார்த்த பாறையே போதும். சில மாதங்களில் அதிலும் உயிர்கள் குடியேறிவிடும்.

பாறைகளை எப்படி அடுக்க வேண்டும்?

மணல் போடுவதற்கு முன்பே, பாறைகளைத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் நேரே அமர்த்திவிட வேண்டும். மணலின் மேல் அடுக்கிய பாறைக்கு அடியில்தான் இந்த மீன் வளை தோண்டும்; மணல் சரிந்ததும் பாறை சரியும்; பாறை மீனின் மேலோ கண்ணாடியின் மேலோ விழும். அடிப்பாறைகளை எபாக்சிப் பசை வைத்து ஒட்டிவிடுவது இன்னும் நல்லது. தட்டையான ஒரு கல்லை மட்டும் ஒரு ஓரத்தில் தாழ்வாக, இரு சிறு கற்களின் மேல் பாலம்போல் வைத்துவிட்டால், மீன் பெரும்பாலும் அதற்கு அடியையே தன் வளைக்குத் தேர்ந்தெடுக்கும். ஆயினும் எங்கே தோண்டுவது என்பதில் இறுதி முடிவு அதனுடையதே.

புதிதாக வைத்த தொட்டியில் விடலாமா?

வேண்டாம். நீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வந்துவிட்டால் மற்ற மீன்களை விடலாம். இதற்கு அது போதாது, மணலில் உயிர்கள் பெருகியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது ஆன தொட்டியே ஏற்றது. இரவில் விளக்கை அணைத்துக் கால் மணி நேரம் கழித்து, சிறு கைவிளக்கால் மணலையும் கண்ணாடியையும் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளாக ஏதேதோ துள்ளி ஓடினால் தொட்டி தயார்.

கடையில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

வயிற்றைப் பாருங்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது வயிறு உள்வாங்கியிருந்தாலும், மேலிருந்து பார்க்கும்போது தலைக்குப் பின்னால் முதுகுத்தசை வற்றிப் பள்ளமாகத் தெரிந்தாலும் அந்த மீனை வாங்காதீர்கள். கடைகளில் வெறுங்கண்ணாடித் தொட்டியில் மணலே இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்த மீன் இப்படித்தான் இருக்கும். விற்கப்படுபவை பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவை. பிடித்த இடம், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கடை என்று பல கை மாறி வரும் வழியெங்கும் அவற்றுக்கு முறையான உணவு கிடைப்பதில்லை.

கடைக்காரரிடம் உங்கள் கண்முன் தீவனம் போடச் சொல்லுங்கள். தீவனமாக விற்கப்படும் உறைந்த மைசிஸ் என்ற சிற்றிறாலை ஓடிவந்து எடுக்கும் மீன், பார்க்க எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும், தீவனத்தைத் திரும்பியும் பாராத அழகான மீனைவிட மேலானது. தீவனம் போட மறுக்கும் கடையில் கடல் மீனே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

வாங்கி வந்து விட்ட அன்றே காணாமல் போய்விட்டது. இறந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. புதிய இடத்தில் அஞ்சி மணலுக்குள்ளோ பாறைக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். சில நாட்கள், சிலவேளை ஒரு வாரம்கூட வெளியே வராது. பாறைகளைத் தூக்கிப் பார்ப்பதும் மணலைக் கிளறித் தேடுவதும் கூடாது. முதலில் தொட்டியைச் சுற்றித் தரையில் தேடிப் பாருங்கள், அது ஏன் என்பது மூடி பற்றிய பதிலில் வருகிறது. பிறகு மாலைதோறும் பாறையின் ஓரத்தில் சிறிது தீவனம் விட்டு, அம்மோனியாவை அளந்துகொண்டே காத்திருங்கள். புதிதாக ஒரு மணல்மேடு முளைத்திருந்தால் மீன் நலமாக இருக்கிறது.

என்ன உணவு, எத்தனை முறை?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். தொட்டி மணலில் உள்ள நுண்ணுயிர்களை நம்பி இந்த மீனை விட்டுவிட முடியாது. முதல் சில வாரங்கள் மீன் கொழுகொழுவென்று இருக்கும், ஓயாமல் சலிக்கும், வாங்கியவரும் மகிழ்ந்திருப்பார். அதற்குள் மணலில் இருந்தவற்றை அது தின்று தீர்த்திருக்கும். அதன் பிறகும் மீன் முன்போலவே சலித்துக்கொண்டிருப்பதால், சாப்பிடுவதாகவே நமக்குத் தோன்றும். உண்மையில் அது வெறும் மணலைச் சலித்துக்கொண்டு மெலிகிறது. வயிறு ஒட்டிப்போனதை நாம் கவனிக்கும்போது காலம் பெரும்பாலும் கடந்திருக்கும்.

ஆகவே முதல் நாளிலிருந்தே நாளுக்கு மூன்று முறையாவது தீவனம் தர வேண்டும். உறைய வைத்த மைசிஸ் இறால் முதன்மையான உணவாக இருக்கட்டும். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலை மீன் ஆவலாகத் தின்னும், ஆனால் வளர்ந்த ஆர்ட்டீமியாவில் சத்துக் குறைவு. சத்தேற்றியதாகப் பார்த்து வாங்குங்கள், அதை மட்டுமே கொடுக்காதீர்கள். மீன் சந்தையில் வாங்கிய புதிய இறாலை, உப்போ மஞ்சளோ படாமல், மிகப் பொடியாக நறுக்கி உறைய வைத்தும் பயன்படுத்தலாம். நாளடைவில் ஒரு மி.மீ. அளவுள்ள, அடியில் மூழ்கும் குருணைத் தீவனத்துக்குப் பழக்கிவிட்டால் பெரிய பாரம் இறங்கிவிடும்.

கொடுக்கும் முறையும் முக்கியம். நீரின் மேலே தூவும் தீவனத்தை க்ளௌன் மீனும் டாம்செலும் இடையிலேயே பிடித்துத் தின்றுவிடும். அடியில் இருக்கும் உளுவைக்கு எதுவும் வந்து சேராது. பம்புகளைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, மற்ற மீன்களுக்கு ஒரு பக்கம் தீவனம் போட்டுக் கவனத்தைத் திருப்பி, நீண்ட குழாய் ஒன்றின் வழியாக உருகிய மைசிஸை வளையின் வாய்க்கு அருகே மணலில் மெல்ல இறக்குங்கள். சில நாட்களில் குழாயைக் கண்டதும் மீனே வந்து நிற்கும்.

இத்தனை தீவனமும் நீரில்தான் போய்ச் சேர்கிறது. அதற்கு ஈடுகொடுக்கும் ஸ்கிம்மரும் வாரம் 10 சதவீத நீர்மாற்றமும் வேண்டும். நம் தொட்டியில் மணலும் பாறையும் போக ஏறக்குறைய 200 லிட்டர் நீர் நிற்கும் என்று கொண்டால், வாரந்தோறும் 20 லிட்டர் ஆர்.ஓ. நீரில் (சவ்வு வழியே வடிகட்டி உப்பு நீக்கிய நீர்) சுமார் 700 கிராம் செயற்கைக் கடலுப்பைக் கரைக்க வேண்டியிருக்கும்.

நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறதே?

கடலில் பிடித்த மீன்களின் குடலில் புழுக்கள் இருப்பது சாதாரணம். தீவனத்தை ஆவலாக எடுத்தும் இரண்டு மூன்று வாரங்களில் வயிறு தேறாவிட்டால், அல்லது எச்சம் வெள்ளை நூலாகத் தொங்கினால், பிராசிகுவாண்டல் என்ற புழுநீக்கி மருந்து கலந்த தீவனத்தைத் தனித்தொட்டியில் கொடுத்துப் பார்க்கலாம். அளவை மீன் மருத்துவம் அறிந்தவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மூடி கட்டாயமா?

கட்டாயம். விளக்கு திடீரென அணைந்தால், வேறொரு மீன் துரத்தினால், யாராவது வேகமாகத் தொட்டியைக் கடந்தால், இந்த மீன் நேர்மேலே பாயும். கண்ணாடி மூடி நீரின் வெப்பத்தைத் தேக்குவதால் நம் ஊருக்கு வலைமூடியே உகந்தது. கண்ணி 6 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. குழாய்களும் மின்கம்பிகளும் நுழையும் மூலைகளையும் அடைக்க வேண்டும், ஏனெனில் மீன் தப்பிப்பது பெரும்பாலும் அந்த மூலைகள் வழியாகத்தான்.

பவளங்களுக்குத் தொந்தரவு தருமா?

தின்னாது, கொத்தாது, ஆனால் மேலே மணலைக் கொட்டும். மணலில் நேரே அமர்ந்திருக்கும் மூளைப்பவளம் போன்றவை ஒரே இரவில் புதைந்துவிடலாம். அவற்றை ஒரு சாண் உயரத்துக்காவது ஏற்றி வையுங்கள். புயெல்லாரிஸ் பெரும்பாலும் தரையை ஒட்டியே மணலை உமிழும். ஸ்ட்ரிகாட்டாவும் செக்ஸ்குட்டாட்டாவும் மணலை வாயில் ஏந்தியபடி மேலே நீந்தி, நடுநீரில் நின்று பொழிவதில் வல்லவை. பவளத் தோட்டம் வைத்திருப்போர் அவை இரண்டையும் தவிர்ப்பது நிம்மதி.

எவற்றோடு சேர்த்து வளர்க்கலாம்? ஜோடியாக வைக்கலாமா?

அமைதியான மீன் இது. க்ளௌன், சிறிய டாங், கார்டினல், பிளென்னி போன்றவற்றோடு சிக்கலில்லை. லயன் மீன், களவாய், டிரிகர் ஆகியவை இதைத் தின்னும் அல்லது துன்புறுத்தும். மேண்டரின் மீனும் இதே கோபிபாட்களை நம்பி வாழ்வதால் இரண்டையும் ஒரு நடுத்தரத் தொட்டியில் வைப்பது இரண்டையும் பட்டினி போடுவதாகும். மணலில் வளை தோண்டும் ஜா மீனோடு இடத்துக்கான சண்டை வரும்.

கடலில் இவை ஆணும் பெண்ணுமாக ஒரே வளையில் வாழ்கின்றன. கடையில் ஏற்கெனவே ஒன்றோடொன்று ஒட்டித் திரியும் ஜோடி கிடைத்தால் வாங்கலாம். உணவு இரட்டிப்பாகும் என்பதை மறக்க வேண்டாம். தனித்தனியாக இரண்டை வாங்கி ஒரே தொட்டியில் விட்டால், இரண்டும் ஒரே பாலாக இருக்கும் பட்சத்தில், ஒன்று மற்றதை விரட்டிக் கொன்றுவிடக் கூடும்.

கோடை வெயிலையும் மின்தடையையும் எப்படிச் சமாளிப்பது?

நீர் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. சென்னையிலோ மதுரையிலோ ஏப்ரல், மே மாதங்களில் குளிர்சாதனம் இல்லாத அறையில் தொட்டி நீர் 30 டிகிரியை எளிதில் தாண்டும். நீர்ப்பரப்பின் மேல் வீசும் சிறு விசிறி இரண்டு, மூன்று டிகிரி குறைக்கும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் அதுவும் குறைவாகவே கிடைக்கும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிதான் நிலையான தீர்வு. விசிறி வைத்தால் நீர் வேகமாக ஆவியாகி உப்படர்த்தி ஏறும். எவ்வளவு நீர் குறைந்ததோ அவ்வளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரையே ஊற்ற வேண்டும், ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே.

வெப்பம் கூடும்போது நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. மணலில் உள்ள பாக்டீரியாவும் அதையே பங்கு போடுகிறது. மின்சாரம் நின்றால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு உடனே இயங்கும்படி வைத்திருங்கள்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால்?

கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி உண்டாக்கும் இந்த நோய்க்குச் செம்பு மருந்தே பரவலாகத் தரப்படுகிறது. அதை முதன்மைத் தொட்டியில் ஊற்றக் கூடாது: இறால், நத்தை, பவளம் எல்லாம் இறந்துவிடும், சுண்ணாம்பு மணல் செம்பை உறிஞ்சிக்கொண்டு மருந்தின் அளவைக் குழப்பும். மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, ஒளிவதற்குப் பி.வி.சி. குழாய்த் துண்டுகள் போட்டு அங்கே மருந்து கொடுங்கள். ஒட்டுண்ணியின் கூடுகள் மணலில் தங்குவதால், முதன்மைத் தொட்டியைப் பத்து, பதினோரு வாரம் மீனே இல்லாமல் விட்டுவைப்பது வழக்கம்.

எனக்கு மணல் சுத்தமாக இருந்தால் போதும். வேறு வழி உண்டா?

உண்டு, செலவும் குறைவு. நசாரியஸ், செரித் வகை நத்தைகள் சில, மணலை ஒட்டி ஓடும் நல்ல நீரோட்டம், நீர் மாற்றும்போது மேல் மணலைக் குழாயால் உறிஞ்சுவது ஆகிய மூன்றும் பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும். கடல் அட்டை மணலைத் தின்று வெளியேற்றும் உயிர்தான், ஆனால் இந்தியாவில் அதுவும் 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் இருப்பது.

ஒரு வாரம் ஊருக்குப் போக வேண்டியிருந்தால்?

குருணைத் தீவனத்துக்குப் பழகிய மீனென்றால், நாளுக்கு மூன்று முறை சிறிதளவு போடும் தானியங்கி ஊட்டியைப் பொருத்தலாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பொருத்தி, தீவனம் உண்மையில் மணல் வரை இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். உறைந்த தீவனம் மட்டுமே தின்னும் மீனென்றால் அக்கம்பக்கத்தில் ஒருவரின் உதவி தேவை. ஒவ்வொரு வேளைக்கும் உரிய தீவனத்தைத் தனித்தனிச் சிமிழ்களில் போட்டுக் கிழமையை எழுதி உறைபெட்டியில் வைத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு துளிகூடப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பியதும் முதலில் மீனின் வயிற்றையும், அடுத்து நைட்ரேட் அளவையும் பாருங்கள்.